கென்யா ஊழியப் பயணம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

ஸ்தோத்திரம். நான் மதுரை, அரசரடிப் பக்கம். நர்ஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். கென்யாவில் கிசுமு நகரத்துக்கு வெளியே, விக்டோரியா ஏரிப் பக்கத்துக் கிராமங்களில் மூன்று தடவை, தடவைக்கு ஐந்தாறு வாரம், அங்குள்ள விசுவாசிகள் வீட்டிலேயே தங்கி ஊழியம் செய்திருக்கிறேன். இந்த வருஷம் நம் சபை வாலிபர்கள் சிலர் போவதாக இருப்பதால் நிறைய பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆரப்பாளையம் தம்பி: அக்கா, காலையில் எழுந்ததில் இருந்து ஒரு நாள் எப்படிப் போகும்?

பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வருஷம் பூராவும் ஆறரை வாக்கில் விடியும், ஏழு மணிக்குள் இருட்டிவிடும். விடிந்ததும் முதல் வேலை தண்ணீர். இருபது லிட்டர் மஞ்சள் கேனைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பிள்ளைகள் கிளம்புவார்கள். முதல் இரண்டு நாள் "நீங்கள் விருந்தாளி, உட்காருங்கள்" என்றார்கள். மூன்றாம் நாள் நானும் ஒரு சின்னக் கேனோடு பின்னாலேயே போய்விட்டேன், அன்றைக்குத்தான் அந்த வீட்டு அம்மா என்னிடம் மனசுவிட்டுப் பேச ஆரம்பித்தார். திரும்பி வந்தால் பால் விட்டுக் காய்ச்சிய டீ, அதை அவர்களும் 'சாய்' என்றுதான் சொல்கிறார்கள், கூடவே மாண்டாசி என்று எண்ணெயில் பொரித்த பன் மாதிரி ஒன்று, இல்லாவிட்டால் அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு. அப்புறம் குடும்ப ஜெபம். ஒன்பது மணிக்கு மேல் சபை நடத்தும் சின்ன மருந்தகத்தில் குழந்தைகளுக்கு எடை பார்ப்பேன், நோட்டில் பதிவேன். மதியத்துக்கு மேல் வீடு சந்திப்பு, எல்லாம் நடைதான். ஒரு வீட்டுக்குள் போனால் உட்கார வைத்து, டீ போட்டு, குடும்பத்தில் எல்லோருடைய சுகமும் விசாரித்து முடித்த பிறகுதான் வந்த விஷயத்தையே பேச முடியும். ஒரு நாளைக்கு மூன்று வீடு முடிந்தால் பெரிது. பத்து வீடு என்று கணக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், தம்பி.

இன்னொன்று. சுவாஹிலியில் நேரத்தை விடியலில் இருந்து எண்ணுவார்கள். நம் காலை ஏழு மணி அவர்களுக்கு முதலாம் மணி, எட்டு மணி இரண்டாம் மணி. ஜெபவேளையாகிய ஒன்பதாம் மணி நேரத்தில் பேதுருவும் யோவானும் தேவாலயத்துக்குப் போனார்கள் என்று அப்போஸ்தலர் 3-ல் வாசிக்கிறோமே, அது பிற்பகல் மூன்று மணி. அதே கணக்குதான். யாராவது "இரண்டு மணிக்குக் கூட்டம்" என்றால் எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றிருக்கிறேன், ஜனங்கள் மரத்தடியில் பாட்டுப் பாடிக்கொண்டே காத்திருந்தார்கள்.

திருமங்கலம் தங்கை: சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா? ஊறுகாய், பருப்புப்பொடி எடுத்துப் போகலாமா?

ஒத்துக்கொள்ளும். நம் பக்கத்து ஆட்களுக்கு அது அந்நியச் சாப்பாடே இல்லைம்மா. உகாலி என்பது மக்காச்சோள மாவில் கிண்டும் களி, அவ்வளவுதான். கையால் பிய்த்து உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணி, கீரையை அள்ளிச் சாப்பிட வேண்டும். காலையில் 'ஊஜி' என்று கஞ்சி தருவார்கள், அதில் விம்பி மாவு போட்டது நம் கேப்பைக் கூழேதான். 'மனாகு' என்ற கீரையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மணத்தக்காளிக் குடும்பம் அது, அம்மா கடைந்த கீரை ஞாபகம் வந்துவிட்டது. ஏரியில் பிடிக்கும் ஒமேனா பொடிமீனைக் காயவைத்துக் குழம்பு வைப்பார்கள், நெத்திலிக் கருவாடு சாப்பிடுகிறவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். காரம் மட்டும் இருக்காது.

சாப்பிடும் முன் வீட்டுப் பிள்ளை செம்பும் தட்டும் கொண்டுவந்து உங்கள் கையில் தண்ணீர் ஊற்றும். தலை குனிந்து நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்காகக் கோழி அடித்தார்கள் என்றால் அது பெரிய மரியாதை. அந்த வீட்டில் அப்படி ஒரு கோழி எத்தனை மாதத்துக்கு ஒரு தடவையோ! அந்த இடத்தில் ஊறுகாய் பாட்டிலை எடுத்து வைத்தால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? அதனால் பொடி, ஊறுகாய் எல்லாம் ஒரு சின்ன டப்பா போதும், அதுவும் வயிறு சரியில்லாத நாளைக்கு.

கே.கே. நகர் பிரதர்: தடுப்பூசி, மலேரியா பற்றிச் சொல்லுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம் போடுங்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும், ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும். அரசு அங்கீகரித்த மையத்தில் மட்டும்தான் போடுவார்கள், சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அதில் ஒன்று. அந்தச் சான்றிதழ் இல்லாமல் கென்யாவில் இருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமைப்படுத்த முடியும்.

மலேரியாவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நைரோபியில் குறைவு, ஆனால் ஏரிப்பகுதியில் அதிகம். தடுப்பு மாத்திரை எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். டாக்ஸிசைக்ளின் தந்தால் தினமும் ஒன்று, ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் நிறுத்தாமல் போட வேண்டும். எங்களோடு வந்த ஒரு சகோதரர் மதுரை வந்திறங்கிய மறுநாளே நிறுத்திவிட்டார், பத்தாம் நாள் குளிர் காய்ச்சல். திரும்பி வந்து சில மாதம் ஆனாலும் காய்ச்சல் என்றால் "ஆப்பிரிக்கா போய் வந்தேன்" என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லி ரத்தம் பாருங்கள். வைகையில் கால் நனைப்பது போல ஏரியிலும் இறங்கிவிடாதீர்கள். பில்ஹார்சியா என்ற நோயின் புழு அங்குள்ள நத்தைகளில் வளர்ந்து தண்ணீருக்கு வந்து, தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும்.

பழங்காநத்தம் தம்பி: டூரிஸ்ட் என்று போட்டுப் போய் ஊழியம் செய்யலாமா?

கூடாது. 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும், அதில் என்ன காரணத்துக்கு வருகிறீர்கள் என்று கேட்பார்கள். உண்மையை எழுதுங்கள். அழைக்கிற சபை அங்குள்ள குடியேற்ற அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கித் தரட்டும். நர்ஸ், டாக்டர் என்றால் அந்த நாட்டுக் கவுன்சில் அனுமதி இல்லாமல் ஊசியைக் கையால் தொடக்கூடாது. பொய்யில் ஆரம்பித்த பயணத்தில் நின்று சத்தியத்தைப் பிரசங்கிக்க என்னால் முடியாது.

வாடிப்பட்டியில் இருந்து ஒரு அம்மா: சிஸ்டர், என் மகனும் போகிறான். ராத்திரி தூக்கமே வரவில்லை.

அக்கா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, என் மகள் கூட வந்த வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன். மும்பையில் இருந்து நைரோபி ஆறு மணி நேரம், அங்கிருந்து கிசுமு சாலையில் முந்நூற்று ஐம்பது கிலோமீட்டர் போல. ராத்திரிப் பயணம் வேண்டாம், தலைக்கவசம் இல்லாமல் போடாபோடா என்ற வாடகை பைக்கில் ஏற வேண்டாம் என்று மட்டும் மகனிடம் சத்தியம் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்குத் தெரிந்து விபத்துதான் மற்ற எதையும் விடப் பெரிய ஆபத்து. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம், அவன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நீங்கள் படுக்கப் போவீர்கள். தினமும் போன் வராது, கரண்ட் இருக்காது, டவர் இருக்காது. வாரம் இரண்டு நாள் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். அவன் தங்கும் வீட்டு அம்மாவின் பெயரைக் கேட்டு வாங்கி, அவருக்காகவும் ஜெபியுங்கள். அங்கே உங்கள் பிள்ளைக்குச் சோறு போடப்போவது அவர்தான்.

பைபாஸ் ரோடு வாலிபர்: பிள்ளைகளுக்கு மிட்டாய், பழைய துணி கொண்டுபோகலாமா?

வழியில் நின்று கொடுக்காதீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் ஆசையாக மிட்டாய்ப் பையைப் பிரித்தார். ஐந்து நிமிஷத்தில் நூறு பிள்ளைகள், தள்ளுமுள்ளு, ஒரு சின்னப் பாப்பா கீழே விழுந்து நெற்றியில் அடி. நான்தான் கட்டுப்போட்டேன். அந்தப் பாப்பாவின் அம்மா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, எனக்குத்தான் அழுகை வந்தது. கொடுக்க நினைப்பதை அங்குள்ள பாஸ்டர் கையில் கொடுங்கள், யாருக்கு என்ன தேவை என்று அவருக்குத்தான் தெரியும். போட்டோவும் பெற்றோரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, பின்னாளில் பேராயரான அசரியா ஐயா 1910-ல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்து, நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். இன்றைக்கு நாம் போகிற இடத்தில் அதே கேள்வி நம்மைப் பார்த்து நிற்கிறது.

உசிலம்பட்டி ஐயா: இங்கேயே எத்தனையோ வேலை கிடக்கும்போது அங்கே ஏன் போக வேண்டும்?

நியாயமான கேள்வி, ஐயா. உள்ளூரில் ஒரு வருஷமாவது கிராம ஊழியமோ ஆஸ்பத்திரிச் சந்திப்போ செய்யாதவர்களை அனுப்பவே கூடாது என்று நான் சபைக் கமிட்டியில் சொல்லியிருக்கிறேன். ஆனால் 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன்காரர்களும் தங்கள் ஊரில் வேலை தீர்ந்துபோய் வரவில்லையே. அவர்கள் ஆரம்பித்த பள்ளியில்தான் எங்கள் பாட்டி எழுதப் படிக்கக் கற்றார். அது கடனாக என் மேல் இருக்கிறது. அதோடு, அங்கே போய் நான் கொடுத்ததை விட வாங்கி வந்ததுதான் அதிகம். ஒரு ஞாயிறு ஆராதனையில் ஒரு பாட்டி மூன்று முட்டையைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். நம் அறுப்பின் பண்டிகை ஏலம் மாதிரியே ஏலம் விட்டார்கள், எடுத்தவர் அந்தப் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்தார், பாட்டி மறுபடியும் காணிக்கையில் வைத்தார். மூன்று தடவை ஏலம் போனது! ஆராதனை நாலு மணி நேரம், யாரும் கடிகாரம் பார்க்கவில்லை.

அண்ணா நகர் தங்கை: உடை, பெட்டி, மொழி?

முழங்காலுக்குக் கீழ் வரும் பாவாடை அல்லது சுடிதார். அங்கே போய் ஒரு லேசோ துணி வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டால் வீட்டு வேலைக்கு வசதி. பிளாஸ்டிக் கேரி பேக் ஒன்றுகூட வேண்டாம், 2017-ல் இருந்து தடை, அபராதம் பயங்கரம். நம் மஞ்சப்பை நாலு எடுத்துக்கொள்ளுங்கள். நம் சார்ஜர் அங்கே நுழையாது, மூன்று பட்டைக் கம்பி உள்ள அடாப்டர் வேண்டும். காசு எல்லாமே எம்-பெசா என்று போனிலேயே ஓடும், கீரைக்காரம்மாகூட அதில்தான் வாங்குவார்.

மொழிக்கு நாலு வார்த்தை போதும், ஆனால் நாள் ஒன்றுக்கு நூறு தடவை சொல்லுங்கள். 'பவானா அசிஃபிவே' என்றால் கர்த்தருக்கு ஸ்தோத்திரம், கேட்டதும் "ஆமென்" வரும். 'அசாந்தே' நன்றி. 'போலே' என்றால் உங்கள் கஷ்டத்துக்கு வருந்துகிறேன் என்று அர்த்தம், தண்ணீர்க் கேனோடு வருகிறவரைப் பார்த்தாலும் சொல்லலாம், துக்க வீட்டிலும் சொல்லலாம். அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்குள் பேசுவது லுவோ மொழி, அதில் நன்றிக்கு 'எரொகமானோ'. கிளம்பும் முன் இதை வாயில் பழகிவிட்டு வாருங்கள், சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நானே சொல்லித் தருகிறேன்.