ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை என்ற தம்பிக்கு

தம்பி, அம்மா போய் ஏழு மாதமாகியும் ஜெபம் வரவில்லை, சபையில் ஒரு பெரியவர் ‘உனக்கு விசுவாசம் பத்தாது’ என்று சொல்லிவிட்டார் என எழுதியிருந்தீர்கள். அந்தப் பேச்சைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

வேதாகமத்தில் 88-ஆம் சங்கீதத்தை வாசித்துப் பாருங்கள். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது; பழகியவர்கள் மறைந்துபோனதோடு நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் விட்டுவைத்திருக்கிறார்களே, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். அப்பா இறந்த வருடம் சபையின் அசன விருந்துப் பந்தியில் உட்கார்ந்தும் எனக்குச் சோறு இறங்கவில்லை (எங்கள் ஊர் அசனச் சோறு அப்படி விடக்கூடியதும் அல்ல). அப்போதெல்லாம் இந்தச் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு எழுந்துவிடுவேன். அதுதான் என் ஜெபம்.

களக்காடு என்றால் டோனாவூர் உங்களுக்குப் பக்கம்தானே. அங்கே பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் 1931-ல் விழுந்து அடிபட்டபின், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். வலியோடுதான் எழுதினார். அவர் கேட்டுக்கொண்டபடி கல்லறைக்குக் கல் வைக்கவில்லை. பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, அதில் ‘அம்மா’ என்ற சொல், அவ்வளவுதான்.

பாட்டு வராவிட்டால் ஆராதனையில் சும்மா உட்காருங்கள், மற்றவர்கள் பாடட்டும். உங்கள் சேகர ஐயரிடம் (போதகரிடம்) தனியாகப் பேசுங்கள். அப்புறம், தூக்கமும் பசியும் போய்விட்டது என்றீர்களே, அதற்கு பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரைப் பாருங்கள். இந்த வாரமே.