ஆந்தைக் காசு 80 யூரோவுக்குக் கிடைக்குமா?

கேள்வி: ஏதென்ஸுக்குச் சுற்றுலா வந்திருக்கிறேன். மொனாஸ்திராக்கி பழைய சாமான் சந்தையில் ஒருவர் பெரிய வெள்ளிக் காசு ஒன்றைக் காட்டினார். ஒரு பக்கம் தலைக்கவசத்தோடு அதீனா தெய்வம், மறுபக்கம் ஜாடி மேல் நிற்கும் ஆந்தை, சுற்றிலும் ஒலிவ இலை மாலை. 2,100 வருடப் பழசு, தாத்தாவின் வயலில் கிடைத்தது, 80 யூரோ என்கிறார். அதே மாதிரி இன்னொன்றும் வைத்திருக்கிறார். காந்தம் ஒட்டவில்லை, எடை 14.2 கிராம். இரண்டையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், அந்தப் பக்கம் திரும்பப் போகாதீர்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு காசிலும் மாலையின் வலது ஓரத்தில் ஒரே இலை ஒரே மாதிரி நசுங்கியிருக்கிறது, விளிம்பில் இருக்கும் வெடிப்பும் அச்சு அசலாக ஒன்றுதான். அந்தக் காலத்தில் வெள்ளி வில்லையை அச்சின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள், அதனால் ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகூட விளிம்பிலும் வெடிப்பிலும் ஒத்துப்போகாது. இப்படி ஒத்துப்போனால் ஒரே வார்ப்பில் ஊற்றியது என்று அர்த்தம். எடையும் சரியில்லை. இந்த நான்கு டிராக்மா (டிராக்மா என்பது பழைய கிரேக்கப் பணம்) காசு ஏறக்குறைய 16.5 முதல் 17 கிராம் வரை இருக்கும், தேய்ந்தால் கொஞ்சம் குறையலாம், ஆனால் ஆந்தையின் இறகு இவ்வளவு தெளிவாகத் தெரியும் காசில் இரண்டு கிராமுக்கு மேல் எங்கே போகும்? காந்தச் சோதனையை நம்பாதீர்கள். ஈயம், வெள்ளீயம் எதிலும் காந்தம் ஒட்டாது.

சரி, ஒருவேளை அசல் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் பெரிய சிக்கல். கிரேக்க நாட்டின் 2002ஆம் வருடச் சட்டப்படி (எண் 3028) மண்ணில் கிடைக்கும் பழம்பொருள் அரசுக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு எடுத்துப் போவது குற்றம். "தாத்தாவின் வயலில் கிடைத்தது" என்று அவர் பெருமையாகச் சொல்வதே உங்களை விமான நிலையத்தில் மாட்டிவிடும் வாக்குமூலம்தான்.

ஆசை புரிகிறது, எனக்கும் இந்தக் காசின் மேல் தனிப் பிரியம் உண்டு. உங்கள் பையில் கிரேக்க 1 யூரோ நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அதில் இருப்பது கிமு 5ஆம் நூற்றாண்டின் பழைய ஆந்தை, ஜாடி இருக்காது. ஜாடி மேல் நிற்பது அலெக்சாந்தருக்குப் பிந்தைய ஹெலனிய காலத்துப் 'புதுப்பாணி' ஆந்தை, கிமு 2ஆம் நூற்றாண்டில் வந்தது. ரோம் கிமு 166இல் டெலோஸ் தீவை ஏதென்ஸுக்குக் கொடுத்த பிறகு அந்தத் துறைமுக வியாபாரத்தில் நன்றாகப் புழங்கிய பணம் இது. ஜாடியின் வயிற்றில் பொடியாக ஒரு கிரேக்க எழுத்து இருக்கும், அதுதான் அடித்த மாதம்: ஆல்ஃபா முதல் மியூ வரை பன்னிரண்டு, அப்புறம் நம் பஞ்சாங்கத்து அதிக மாசம் போல அவர்கள் கூடுதல் மாதம் சேர்த்த வருடத்தில் பதின்மூன்றாவதாக நியூ. பொறுப்பதிகாரிகள் பெயரும் பக்கத்திலேயே இருக்கும்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க பானெபிஸ்திமியூ தெருவில் இருக்கும் நாணய அருங்காட்சியகத்துக்குப் போங்கள், பழைய டிராய் நகரத்தைத் தோண்டிய ஷ்லீமான் வாழ்ந்த மாளிகை அது. கையில் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டுமென்றால் அருங்காட்சியகக் கடைகளில் பிரதி என்று சொல்லியே விற்பதை வாங்கலாம். அசலே வேண்டும் என்றால் ஊர் திரும்பிய பிறகு, முன்பு யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் எந்த வருடம் விற்றது என்று எழுத்தில் தரும் வியாபாரியிடம் மட்டும் கேளுங்கள். ஓரளவு நல்ல காசுக்கே சில நூறு யூரோ ஆகும். அந்தக் காகிதம் இல்லை என்றால் பாதி விலைக்குத் தந்தாலும் எடுக்காதீர்கள்.