அந்தப் பணம் யாருடையது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தசமபாகத்தை (வரவில் கடவுளுக்கென்று கொடுக்கும் பத்தில் ஒரு பங்கை) மொத்தச் சம்பளத்தில் கணக்கிடுவதா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? என் கணவர் சிறு வியாபாரம் செய்கிறார். அவர் எதில் பத்தில் ஒன்று எடுப்பது?

பதில்: சம்பளச் சீட்டு என்ற ஒன்றே இல்லாத உழவர்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் தரப்பட்ட சட்டம் இது, அதனால் உங்கள் முதல் கேள்விக்கு வேதத்தில் நேர்ப் பதில் கிடையாது. ஆனால் வியாபாரத்துக்கு வழி இருக்கிறது. உபாகமம் 14:22 விளைந்த பலனில் பத்தில் ஒன்று கேட்கிறது. விதைக்கென்று எடுத்து வைத்த தானியத்தில் கேட்கவில்லை. விற்பனை 100 என்று வைத்துக்கொள்வோம். சரக்குக்கு 70, வாடகைக்கும் கூலிக்கும் 18 போனால் மிச்சம் 12. தசமபாகம் 1.2 தான். பக்தி மிகுதியில் விற்பனையிலேயே 10 எடுத்துவிட்டால் வீட்டுக்கு 2 தான் நிற்கும். அந்தக் குறையை ஈடுகட்ட, சரக்குக்காரருக்குச் சேர வேண்டிய பணத்தில் கை வைப்பீர்கள். சில மாதங்களில் கடை நொடிக்கும்.

சம்பளக்காரருக்கு: வரியைக் கழித்தோ கழிக்காமலோ கொடுக்கலாம், அது உங்கள் மனச்சாட்சிக்கு விட்டது. சேமிப்பு நிதிப் பிடித்தமும் கடன் தவணையும் வேறு. அவை உங்கள் வரவே, கழிக்கக்கூடாது. ஓய்வுக்கால நிதிக்குப் பிடிக்கும்போதே கொடுத்திருந்தால், பிறகு எடுக்கும்போது வட்டிக்கு மட்டும் கணக்கிட்டால் போதும்.

இன்னொன்று. தசமபாகம் முழுவதையும் ஆலயப் பண்டகசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10ஐ மேடையில் அடிக்கடி கேட்கிறோம். உபாகமம் 14:28-29 அவ்வளவாகக் காதில் விழுவதில்லை. மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலயப் பணி செய்யும் லேவியனுக்கு மட்டுமன்றிப் பரதேசிக்கும் (அந்நியருக்கும்) திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் உரியது. அப்போஸ்தலன் பவுலோ சதவீதமே சொல்லவில்லை. வாரத்தின் முதல் நாளில், வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 16:2). பத்து நல்ல அளவுகோல்தான். அதைச் சந்தாவாக்கி, கட்டாதவர் பெயரைப் பலகையில் எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: மாத வரவில் பாதி கடன் தவணைக்குப் போகிறது. ஒரு கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு ஆலயக் கட்டட நிதிக்குப் பெரிய தொகை தருவதாகப் பொருத்தனை (கடவுளுக்கு நேர்ந்துகொள்ளும் வாக்கு) செய்துவிட்டேன். கடன் வாங்கியாவது செலுத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம். கடன் வாங்கிப் படைக்கும் காணிக்கை கடன் கொடுத்தவருடைய பணம். ஒருவனுக்கு உள்ளதின்படியே அது அங்கீகரிக்கப்படும், இல்லாததின்படி அல்ல என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது.

பொருத்தனையை அப்படியே மறந்துவிடவும் கூடாது. பிரசங்கி 5:5 அதில் கண்டிப்பானது. ஆனால் உங்கள் நிலையில் இருப்பவருக்கு லேவியராகமம் 27:8 வழி வைத்திருக்கிறது. பொருத்தனை செய்தவர் மதிப்பிட்ட தொகையைச் செலுத்த முடியாத ஏழையானால், ஆசாரியன் அவருடைய திராணிக்கு ஏற்ப மறுபடி மதிப்பிட வேண்டும். ஆகவே சபைக் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள்: சொன்ன தொகை எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு, இனி மாதம் எவ்வளவு முடியும். மூன்று வரி போதும். மழுப்பிக்கொண்டே இருந்தால், கடைசியில் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடுவீர்கள்.

பணம் கைக்கு வந்ததும் யாருக்கு முதலில்? உங்களிடம் வேலை செய்தவரின் கூலிக்கு. விடியும்வரை அது உங்களிடம் தங்கக்கூடாது (லேவியராகமம் 19:13). அடுத்து வீட்டுச் சாப்பாடு, வாடகை, பெற்றோரின் மருந்து. "கொர்பான்" (கடவுளுக்குப் படைத்தது) என்று காணிக்கையைக் காரணம் காட்டித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டது மாற்கு 7:11-13இல் இருக்கிறது. பிறகு தவணைகள். காணிக்கை அதற்குப் பின். அதற்காக அது பூஜ்யம் ஆக வேண்டியதில்லை. இப்போதைக்கு நூற்றுக்கு இரண்டோ மூன்றோ கொடுங்கள். பிரசவத்துக்குப் பின் படைக்கும் ஆட்டுக்குட்டிக்கு வசதி இல்லாதவர் இரண்டு பறவைகள் கொண்டுவரலாம் என்பது சட்டம் (லேவியராகமம் 12:8). மரியாளும் யோசேப்பும் கொண்டுபோனது அந்த ஏழைக் காணிக்கையைத்தான் (லூக்கா 2:24).

கடன்களை ஒரே தாளில் எழுதுங்கள்: யாருக்கு, பாக்கி, வட்டி விகிதம், கெடு தேதி. எல்லாவற்றுக்கும் குறைந்தபட்சத் தவணை, மீதி முழுவதும் வட்டி அதிகமான கடனுக்கு. அது அடைந்ததும் அந்தத் தவணைத் தொகை அப்படியே அடுத்த கடனுக்குப் போக வேண்டும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்: ஒரு கடன் முடிந்த மாதமே அந்தப் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும். உறவினரிடம் வாங்கிய வட்டியில்லாக் கைமாற்றையும் தாளில் சேருங்கள். அவர் கேட்கமாட்டார் என்பதால் அது கடைசிக்குத் தள்ளப்படுகிறது. ஒரு தேதி சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வட்டிக்குக் கொடுப்பது பாவமா?

பதில்: யாருக்கு, எதற்கு என்று பாருங்கள். யாத்திராகமம் 22:25 பேசுவது வறுமையில் கடன் கேட்டு வருபவரைப் பற்றி. மருந்துக்கும் சோற்றுக்கும் கேட்பவரிடம் வட்டி வாங்காதீர்கள்; முடிந்தால் கொடையாகவே கொடுங்கள். சபை நீண்ட காலம் எல்லா வட்டியையும் மறுத்தது. 1179இல் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம் (ரோமில் நடந்த கத்தோலிக்க ஆயர்களின் பேரவை) பகிரங்கமாக வட்டித்தொழில் செய்பவர்களுக்கு நற்கருணையையும் கிறிஸ்தவ அடக்கத்தையும் மறுத்தது. 16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வின் தொழிலுக்கான கடனை வேறுபடுத்தி, அதற்கு மிதமான வட்டியை அனுமதித்தார். வங்கி வைப்பு நிதி அந்த வகை. அடகு பிடிப்பதிலும் எல்லை உண்டு: ஒருவர் மாவரைக்கும் திரிகைக் கல்லை அடகாக வாங்கக்கூடாது (உபாகமம் 24:6), அது அவர் பிழைப்பு. தையல்காரரின் இயந்திரத்துக்கும் ஓட்டுநரின் வண்டிக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: சபைச் சகோதரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்து கேட்கிறார். மறுத்தால் அன்பில்லாதவன் ஆகிவிடுவேனா?

பதில்: ஆகமாட்டீர்கள். நீதிமொழிகள் 22:26-27 பிணைப்படுபவரிடம் நேராகவே பேசுகிறது: செலுத்த உன்னிடம் இல்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துக்கொள்வார்கள். முழுத் தொகையையும் நாளையே கட்ட முடியுமா, கட்டிய பிறகும் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார முடியுமா? ஒன்றுக்கு "முடியாது" என்றாலும் கையெழுத்து வேண்டாம். இழக்கத் தயாரான ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: சேமிப்பதும் காப்பீடு எடுப்பதும் அவிசுவாசமா?

பதில்: இல்லை. யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒன்றைச் சேர்த்து வைத்தார் (ஆதியாகமம் 41:34). லூக்கா 12இன் ஐசுவரியவானும் களஞ்சியம்தான் கட்ட நினைத்தான். யோசேப்பின் தானியம் பஞ்சத்தில் ஊராரின் வயிற்றுக்குப் போனது. இவன் தன் ஆத்துமாவைத் தவிர யாரையும் நினைக்கவில்லை. ஆறு மாதச் செலவுக்குக் கையிருப்பு, சம்பாதிப்பவர் பேரில் ஓர் எளிய ஆயுள் காப்பீடு, இந்த இரண்டும் முதலில். அதற்கு மேல் சேர்ப்பது எதற்கென்று ஒரு பெயரும் அளவும் எழுதி வையுங்கள்.

கேள்வி: சபைப் பொருளாளர் ஆகியிருக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தனியாக எண்ணாதீர்கள். எருசலேம் சபையின் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகப் பவுலே சபைகள் தெரிந்தெடுத்த ஆளைச் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8:19-21). உறவினரல்லாத இருவர் ஆராதனை முடிந்த உடனே எண்ணி, அங்கேயே கையெழுத்திட வேண்டும். எண்ணிய பணத்திலிருந்து அவசரச் செலவுக்கு எடுக்காமல் முழுவதையும் வங்கியில் கட்டுங்கள். செலவுக்குத் தனியே எடுங்கள். விதவைகள் நிதியைக் கட்டடத்துக்குக் "கைமாற்றாக" எடுக்கச் சொல்வார்கள். எடுத்தால் திரும்பி வராது. குழுத் தீர்மானமும் திருப்பும் தேதியும் எழுத்தில் இல்லாமல் விடாதீர்கள்.