முதன்முதலாக வீட்டிலேயே கணினி அசெம்பிள் செய்கிறேன். கையில் 40,000 ரூபாய். எதற்கு எவ்வளவு ஒதுக்கலாம்?

கேட்டவர் கல்லூரி மாணவர். மானிட்டர் இந்தக் கணக்கில் வராது, புரோகிராமிங்கும் கொஞ்சம் வீடியோ எடிட்டிங்கும் செய்ய வேண்டும், நேரம் கிடைத்தால் கேம் என்று எழுதியிருக்கிறார். கூடவே, பக்கத்துக் கடையில் "ஐ7, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எல்லாம் சேர்த்து 16,000" என்கிறார்களாம், அதையே வாங்கிவிடலாமா என்றும் கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். ஐ7 என்பது குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவுக்கும் அதுதான், பேரனுக்கும் அதுதான். அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஐ7-2600 அல்லது 3770 ஆக இருக்கும். முதலாவது 2011-இல் வந்தது, இரண்டாவது 2012-இல். ஏதோ அலுவலகத்திலிருந்து கழற்றிய பழைய பிராசசரைப் புதிதாக அடித்த எச்61 வகை மதர்போர்டில் மாட்டி, பளபள கேபினெட்டில் வைத்துத் தருவார்கள். விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. லினக்ஸ் போட்டுக்கொள்வேன் என்றால் ஓடும்தான், ஆனால் உங்கள் 40,000-ஐ அதற்காகச் சேர்க்கவில்லையே. கடையில் ஐ7 என்றால் "எந்த ஜெனரேஷன்?" என்று கேளுங்கள். பதில் வருவதற்குள் கடைக்காரர் முகமே பாதி சொல்லிவிடும்.

இனி என் கதை. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். நான் அசெம்பிள் செய்தது 2022 கடைசியில். அப்பா ரப்பர் ஷீட் விற்ற காசில் கொஞ்சம், நான் டியூஷன் எடுத்துச் சேர்த்தது மீதி. மழை பிடித்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு நின்றுவிடும், பால் வெட்டு நின்றால் வீட்டில் பைசா நிற்காது. அதனால் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஒரு வாரம் யோசித்தேன். யோசித்தும் தப்பான இடத்தில் மிச்சம் பிடித்தேன், அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அன்றைக்குக் கொடுத்த விலை: ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசசர் 13,200. ஏ520 போர்டு 5,400. 8 ஜிபி ரேம் இரண்டு 4,300. 500 ஜிபி என்விஎம்இ (போர்டிலேயே செருகும் வேகமான வகை) எஸ்எஸ்டி 3,300. கேபினெட் 2,300, அதுவும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) உள்ளேயே வைத்தது, "ஃப்ரீ". மொத்தம் 28,500. அந்த ஃப்ரீயைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பகலெல்லாம் கணினி நன்றாக ஓடும். சாயங்காலம் ஏழு, ஏழரைக்கு மேல் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும். நீலத் திரை கிடையாது, எரர் கிடையாது. பட்டென்று அணைந்து மறுபடி வரும். ரேம் போலிருக்கிறது என்று இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட விட்டேன், ஒரு பிழை இல்லை. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டேன். போர்டு கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஒழுங்காக ஓடுகிறது. கடையில் ஓடியது பகலில் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. இப்படியே இரண்டு மாதம்.

கடைசியில் கண்டுபிடித்தது, எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். ஃபேன் மாட்ட வந்தவர், நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு மல்டிமீட்டரை பிளக் பாயின்டில் குத்தினார். 178 வோல்ட், ரொம்பக் குறைவு. பக்கத்தில் இரண்டு வீட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொல்லி, எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தார். "மக்ளே, இதுக்குள்ள ஒண்ணும் இல்ல கேட்டியா. வெறும் தகரம்."

லேபிளைப் படித்தோம். பெரிய எழுத்தில் 500 வாட். கீழே பொடி எழுத்தில் ஒரு கட்டம், அதில் 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி வாட் எல்லாம் இன்றைய கணினி பெரிதாகத் தொடாத 3.3, 5 வோல்ட் வரிசைகளில் காட்டிய கணக்கு. நீங்கள் கடையில் செய்ய வேண்டிய ஒரே சோதனை இதுதான். பெட்டியைத் திருப்புங்கள், 12 வோல்ட் ஆம்பியரைப் பன்னிரண்டால் பெருக்குங்கள், பெட்டியில் போட்ட வாட்டுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் 115/230 என்று ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது பழைய சர்க்யூட், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஆனால் என் கணினி மொத்தமே 120 வாட்டைத் தாண்டாது, 192 தாராளம். பிறகு ஏன் அணைந்தது? வாட் பற்றாக்குறை இல்லை, தேக்கம் பற்றாக்குறை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லி நொடி. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வோல்டேஜ் ஒரு கணம் உள்ளே விழுந்து எழும். நல்ல எஸ்எம்பிஎஸ், உள்ளே வரும் கரண்ட் முழுதாக நின்றாலும் ஏறக்குறைய 16 மில்லி நொடி தன் கெப்பாசிட்டரில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும். மலிவானதில் அந்தக் கெப்பாசிட்டர் சுண்டுவிரல் அளவு. ஏற்கெனவே 178-இல் தவிக்கும்போது அதில் சேர்த்து வைக்க என்ன இருக்கும்?

3,900 கொடுத்து 550 வாட்டில், 'ப்ரான்ஸ்' (Bronze) தரச் சான்று உள்ள எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கினேன். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக உள்ளே இழுக்கும் சர்க்யூட்) உள்ளது, லேபிளில் 100-240 வோல்ட் என்று போட்டது. எல்லா மாடலிலும் அப்படி இருக்காது, 200-240 மட்டும் எழுதியதும் வரும், பார்த்து வாங்குங்கள். அன்றிலிருந்து அந்த ரீஸ்டார்ட் ஒரு தடவைகூட வரவில்லை.

ஆகவே உங்கள் 40,000-இல் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முதலில் 4,000 எடுத்து வையுங்கள். மிச்சத்தில் மற்றது. 600 விஏ யுபிஎஸ் ஒன்றும் சேர்த்தால் நல்லது, ஃபைலை சேவ் செய்ய ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ், சில மலிவு யுபிஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல் பேட்டரிக்கு மாறும்போதே அணைந்துவிடும். வாங்குமுன் "மாற்றித் தருவீர்களா?" என்று பேசிக்கொள்ளுங்கள். ஐப்பசி மாதத்து இடிக்கு யுபிஎஸ் எல்லாம் காவல் இல்லை. மலைப்பக்கம் இருட்டினால் நாங்கள் பிளக்கையும் நெட் கேபிளையும் கழற்றிவிடுவோம். நெட் கேபிளையும்தான். பலர் அதை மறந்து போர்டை இழக்கிறார்கள்.

பழைய ஓட்டு வீடு என்றால் எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருந்தால் மூன்றாவது பின் சும்மா நிற்கிறது என்று அர்த்தம். அதைச் சரி செய்யாமல் மேற்கொண்டு எதுவும் மாட்டாதீர்கள்.

சரி, பிராசசர். உங்கள் பட்ஜெட்டில் தனி கிராபிக்ஸ் கார்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ளதாக எடுங்கள். இரண்டு வழி இருக்கிறது. 5600ஜி ஆறு கோர், 2021-இல் வந்தது, கேமுக்குக் கை கொடுக்கும். வாலரன்ட், ஜிடிஏ 5 எல்லாம் செட்டிங்கைக் குறைத்தால் ஓடும். இன்டெல் ஐ3-12100 நான்கு கோர்தான், கேமில் பின்தங்கும், ஆனால் வீடியோவை வெளியே எடுக்கும்போது (எக்ஸ்போர்ட்) குயிக் சிங்க் என்று வீடியோவுக்கென்றே ஒரு பகுதி உள்ளே இருப்பதால் வேகமாக முடித்துத் தரும். அந்த சாக்கெட்டில் பிற்பாடு 14-ஆம் தலைமுறை வரை ஏற்றலாம். நான் 5600ஜி பக்கம். எடிட்டிங்தான் உங்களுக்குச் சோறு போடும் என்றால் 12100.

எழுத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். மார்த்தாண்டத்தில் என் நண்பன் ஒருவன் "ஜி இல்லாதது விலை குறைவு" என்று வெறும் 5600 வாங்கினான். எல்லாம் மாட்டினான், ஃபேன் சுற்றியது, லைட் எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. வராது. அதில் கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் இதே வேலையைச் செய்வது கடைசியில் வரும் எஃப் எழுத்து. 12100எஃப் என்றால் தனி கார்டு இல்லாமல் திரை வராது.

இன்னொன்று, 5600ஜி வாங்கிவிட்டு நாளைக்கு 6500 எக்ஸ்டி மாதிரிக் கார்டு போடலாம் என்று திட்டம் இருந்தால் கைவிடுங்கள். அந்தக் கார்டுக்கு நான்கு லேன்தான் (டேட்டா போகும் பாதை), அதற்கு பிசிஐஇ (கார்டைச் செருகும் இணைப்பு) நான்காம் தலைமுறை வேண்டும். 5600ஜி கொடுப்பது மூன்றாம் தலைமுறை. காசு கொடுத்து பாதி வேகம் வாங்கின கதை ஆகும்.

ரேம் விஷயத்தில் என் விலையை நம்பாதீர்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியில் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. இதனால்தான் டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே ஏற்கும் ஏஎம்5 (ஏஎம்டியின் புதிய சாக்கெட்) பக்கம் உங்களைப் போகச் சொல்லவில்லை. டிடிஆர்4 என்றால் பழையதாவது கிடைக்கும். பழையது வாங்கப் பயப்படாத பாகம் ரேம் ஒன்றுதான். வேலை செய்தால் செய்யும், இல்லையென்றால் முதல் இரவே மெம்டெஸ்ட்டில் காட்டிக்கொடுத்துவிடும். லேப்டாப் ரேம் நீளம் குறைவு, அது பொருந்தாது. 16 ஜிபி ஒன்றை விட 8 ஜிபி இரண்டு நல்லது, ஏனென்றால் உள் கிராபிக்ஸ் இந்த ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, இரண்டு வழியாக வாங்கினால் வேகம் நன்றாகவே கூடும். காசு எட்டவில்லை என்றால் இன்றைக்கு ஒன்று போட்டுவிட்டு அதே மாடலில் இன்னொன்று பிறகு. நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் மாட்டுங்கள். மாட்டி முடித்ததும் பயாஸில் (போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்று இருப்பதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 3200 என்று வாங்கிய ரேம் 2400-இலோ 2666-இலோ சோம்பேறியாக ஓடிக்கொண்டிருக்கும், யாரும் சொல்ல மாட்டார்கள்.

எஸ்எஸ்டி 500 ஜிபி என்விஎம்இ போதும். கேபினெட் காற்று போகிற மாதிரி ஓட்டை உள்ளது எதுவானாலும் சரி, கண்ணாடிக்கும் கலர் லைட்டுக்கும் காசு கொடுக்காதீர்கள். குளச்சல், முட்டம் போலக் கடலோரம் வீடு என்றால் பெயின்ட் உரியாத நல்ல தகடாகப் பாருங்கள், உப்புக் காற்றில் ஸ்க்ரூவே முதலில் துருப்பிடிக்கும். பின்பக்கத்துக் காலி ஸ்லாட்டுகளின் தகட்டைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் அந்த வழியாக ஒரு பல்லி உள்ளே போய்க் குடித்தனம் நடத்தியது.

போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் ஒரே கடையில் எடுங்கள். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, ஆன்லைனை விட ஐநூறு ஆயிரம் கூடினாலும் பரவாயில்லை. மூன்றும் மூன்று இடத்தில் வாங்கி, ஆன் ஆகவில்லை என்றால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கை காட்டுவார்கள். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். வாரன்டிக்கு எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். "ட்ரே" பிராசசர் (பெட்டி இல்லாமல் வருவது) என்று விலை குறைத்துச் சொன்னால் அதில் கூலர் வராது என்பதைக் கணக்கில் வையுங்கள். எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட் எங்கே மலிவோ அங்கே.

மாட்டுவது பயப்படும் அளவுக்கு இல்லை. ஒரே இடத்தில்தான் இரண்டு பேர் வேண்டும். 5600ஜியோடு வரும் கூலர், நான்கு ஸ்பிரிங் ஸ்க்ரூவில் நிற்பது. அதை மாட்ட, போர்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகளைக் கழற்ற வேண்டும். கழற்றிய அடுத்த நொடி பின்பக்கத்து இரும்புத் தகடு பொத்தென்று கீழே விழும். ஏதோ உடைத்துவிட்டேன் என்று நான் வெலவெலத்துப் போனேன். பால் வெட்டிக் காய்த்துப்போன கையோடு அப்பா வந்து, போர்டுக்குப் பின்னால் அந்தத் தகட்டை அசையாமல் பிடித்துக்கொண்டார். நான் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாக இறுக்கினேன். ஒரே பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கூலர் சாய்ந்துவிடும். "இவ்வளவுதானா? இதுக்கா ஒரு மாசம் வீடியோ பார்த்தே?" என்றார்.

மானிட்டருக்கு இப்போதே கடன் வாங்காதீர்கள். வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ இருந்தால் சில மாதம் அதிலேயே ஓட்டலாம், எழுத்து மங்கலாகத் தெரிந்தால் டிவி செட்டிங்கில் ஓவர்ஸ்கேனை (படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுவது) நிறுத்திவிடுங்கள். நான் நாலு மாதம் அப்படித்தான் புரோகிராம் எழுதினேன், அம்மாவின் சீரியல் நேரம் வரைக்கும். அதற்கு மேல் ரிமோட் அம்மா கையில்.