கழுத்துத் துடிப்பும் நிறுத்திய ஊசியும்

கேள்வி: என் மனைவிக்கு வயது 27. தக்காளி மண்டியில் வேலை. படுத்தால் கழுத்தில் நரம்பு துடிப்பது தெரிகிறது. கூடை தூக்கினால் புடைக்கிறது. ஏப்பம், கை மரத்துப்போதல், தலைசுற்றலும் உண்டு, மூச்சு வாங்குவதில்லை. வால்வுக் கோளாறு என்று வீடியோவில் பார்த்து நீர் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறேன். சிறு வயதில் மூட்டு வீக்கத்துக்கு 21 நாளுக்கு ஒருமுறை ஊசி போட்டு, பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்களாம். இரண்டாவது குழந்தை பெறலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: நீர் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். தேவையில்லாமல் விழுங்கினால் பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் இறங்கும். தலைசுற்றலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சீட்டில்லாமல் கடையில் கொடுத்தார்கள் என்பதால் அது மிட்டாய் ஆகிவிடாது.

நீங்கள் நரம்பு என்று சொல்வது சிரை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். படுத்தால் யாருக்கும் கழுத்துச் சிரை நிரம்பும். ஒல்லியானவர்களிடம் நன்றாகவே தெரியும். கூடை தூக்கும்போது மூச்சை அடக்குவதால் புடைக்கிறது. ஏப்பத்தையும் மரத்துப்போதலையும் வால்வின் தலையில் கட்டாதீர்கள்.

பார்க்க வேண்டியது, நிமிர்ந்து உட்கார்ந்த பிறகும் சிரை நிரம்பி நிற்கிறதா என்பதுதான். தலையணை வைத்துப் பாதி சாய்ந்தாற்போல் உட்கார வையுங்கள். முகத்தைச் சற்றே இடப்பக்கம் திருப்பச் சொல்லி, வலது கழுத்தில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடியுங்கள். தோலுக்கடியில் மெல்லிய அசைவு, ஒரு நாடித்துடிப்புக்கு இரண்டு முறை, தெரியும். காரை எலும்புக்குச் சற்று மேலே விரலால் லேசாக அழுத்தினால் அது நின்றுவிடும். விரலை முட்டித் தள்ளுகிறது என்றால் அது தமனி, இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய், அதை விட்டுவிடுங்கள். இப்போது நேராக உட்காரச் சொல்லுங்கள். அசைவு இறங்கி மறைய வேண்டும். மறையாமல் தாடைப் பக்கம் வரை ஏறி நின்றால் இதயத்தின் வலப்பக்கத்தில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று பொருள். அந்த வலப்பக்கத்தில் இருக்கும் மூவிதழ் வால்வு மோசமாகக் கசிகிறவர்களுக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் காதுச் சோணை அசையும், சிலருக்குத் தோடுகூட ஆடும். அப்படி இருந்தால், அதிலும் கால் வீங்கியிருந்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கழுத்து சரியாக இருந்தாலும் உங்களை நான் விடப்போவதில்லை. போகிற போக்கில் எழுதிய அந்த ஊசிதான் எனக்குக் கவலை. 21 நாள் ஊசி என்றால் பெரும்பாலும் பென்சிலின். கொடுத்தது ருமாட்டிக் காய்ச்சலுக்காக இருக்கும். தொண்டைப் புண்ணில் தொடங்கும் அந்த நோய் மூட்டை விட்டுப் போய்விடும், வால்வில் தங்கிவிடும். இடப்பக்கத்து ஈரிதழ் வால்வு சுருங்கினால் பல ஆண்டுகள் கழுத்தில் ஒன்றுமே தெரியாது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது, நாடியும் வேகமாகிறது. குறுகிய வால்வால் ஈடுகொடுக்க முடியாமல் நுரையீரலில் நீர் கோக்கும். முதல் பிரசவம் சுகமாக முடிந்தது என்று சமாதானம் சொல்லாதீர்கள். சுருக்கம் ஆண்டுக்காண்டு கூடக்கூடியது.

ஆகவே முதலில் எக்கோ, அதாவது இதயத்தையும் வால்வையும் பார்க்கும் ஸ்கேன். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் பழைய ஊசி அட்டையோடு போங்கள். வால்வு நன்றாக இருந்தால் தாராளமாகக் குழந்தை பெறலாம். சுருங்கியிருந்தாலும் பலருக்கு நெஞ்சைத் திறக்காமலே பலூன் மூலம் விரிக்க முடியும். ஊசியை மறுபடி தொடங்குவதா என்பதையும் அங்கேயே முடிவு செய்வார்கள். அதுவரை கருத்தடை அவசியம். ஏற்கெனவே நாள் தள்ளிப்போயிருந்தால் இந்த வாரமே போங்கள். இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தால் விடியட்டும் என்று இராமல் 108-ஐ அழையுங்கள்.