டர்போ காரில் எக்ஸாஸ்ட் மாற்றினால் ரீமேப் கட்டாயமா?

கேள்வி: போலோ 1.0 டிஎஸ்ஐ வைத்திருக்கிறேன். எக்ஸாஸ்ட் மாற்றப் போகிறேன். ஈசியுவையும் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்தாக (அதன் கணக்குகளைத் திருத்தி எழுதியாக) வேண்டுமா, இல்லை அதுவே பழகிக்கொள்ளுமா?

எந்தப் பகுதியை மாற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கேட் கன்வெர்ட்டருக்குப் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்) பின்னால் வரும் குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றினால் ரீமேப் தேவையில்லை. சத்தம் மாறும், பவர் பெரிதாக மாறாது. டவுன்பைப்பை மாற்றினால், அதாவது டர்போவை ஒட்டி கன்வெர்ட்டரோடு சேர்ந்து இருக்கும் பகுதியை மாற்றினால், ரீமேப் கட்டாயம். நானும் இதே இன்ஜினைத்தான் ஓட்டுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டர்போவுக்குள் புகையால் சுழலும் சக்கரம்தான் டர்பைன். அது சுழன்றால்தான் இன்ஜினுக்குள் கூடுதல் காற்று தள்ளப்படும். டர்பைனைச் சுழற்றுவது அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம். பின்னால் அடைப்பு குறைந்தால் டர்போ சீக்கிரம் எழும்பும், அதிகமாகவும் தள்ளும். "கொஞ்சம் பேக் பிரஷர் வேண்டும்" (புகை வெளியேறும் வழியில் எதிர் அழுத்தம்) என்று பைக் ஓட்டும் நண்பர்கள் சொல்வதை டர்போ காருக்குப் பொருத்தாதீர்கள். டர்பைனுக்குப் பின்னால் பேக் பிரஷர் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

ஆனால் ஈசியுவுக்கு இது தெரியாது. எந்த ஆர்பிஎம்மில், எந்த லோடில் வேஸ்ட்கேட்டை (புகையை டர்பைனுக்குப் போகாமல் விலக்கிவிடும் கதவு) எவ்வளவு திறந்தால் எவ்வளவு பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தள்ளும் காற்றழுத்தம்) வரும் என்ற கணக்கு, கம்பெனி எக்ஸாஸ்டை வைத்துப் போடப்பட்டது. டவுன்பைப்பை அகலமாக்கியதும் அதே திறப்பில் கூடுதல் பூஸ்ட் வருகிறது. ஈசியு அதைக் கவனித்து வேஸ்ட்கேட்டைத் திறப்பதற்குள் பூஸ்ட் எகிறிவிடும், உடனே த்ராட்டிலை (காற்று நுழையும் வால்வு) மூடிப் பிடிக்கும். ஓட்டும்போது இழுத்துக்கொண்டு போகும் வண்டி திடீரென்று தளர்வது இதனால்தான். வரம்பைத் தாண்டினால் பி0234 என்ற ஓவர்பூஸ்ட் கோளாறுக் குறியீடு விழும், வண்டி பவரைக் குறைத்துக்கொள்ளும் லிம்ப் மோடுக்குப் போகும்.

பழகிக்கொள்ளுமா என்று கேட்டீர்கள். ஓரளவுக்குப் பழகும், ஆனால் உங்களுக்குச் சாதகமாக இல்லை. ஃபோக்ஸ்வாகன் ஈசியு டார்க்கை (இன்ஜினின் சுழற்றும் விசை) இலக்காக வைத்து வேலை செய்கிறது. இந்த இன்ஜினுக்கு அது குறித்து வைத்திருப்பது 175 நியூட்டன் மீட்டர். நீங்கள் செலவு செய்து திறந்துவிட்ட வழியை அது ஒரு கோளாறாகப் பார்த்து, பூஸ்டைக் குறைத்துப் பழைய கணக்குக்கே கொண்டுவரும். பணம் போனதற்குச் சத்தம் மட்டும் மிஞ்சும். பூஸ்ட் கொஞ்சம் சீக்கிரம் வரலாம், அவ்வளவுதான்.

சரி, ரீமேப் செய்வதென்று முடிவு செய்துவிட்டால் ஒன்றில் பிடிவாதமாக இருங்கள். "ஸ்டேஜ் 2 ஃபைல் இருக்கிறது, அரை மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன்" (ஸ்டேஜ் 2 என்பது டவுன்பைப் மாற்றிய வண்டிக்கான மேப்) என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஃபைல் வெறும் தொடக்கம். அதை ஏற்றிய பிறகு வண்டியை ஓட்டி, லாக் (ஓடும்போது சென்சார் அளவுகளின் பதிவு) எடுத்து, பார்த்துத் திருத்துவதுதான் ட்யூனிங். மூன்றாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து 6000 வரை ஃபுல் த்ராட்டிலில் ஒரு இழுப்பு இழுத்து (ஆளில்லாத இடத்தில், அல்லது உருளைமேல் வண்டியை ஓட்டி அளக்கும் டைனோவில்) இவற்றைப் பாருங்கள்: கேட்ட பூஸ்டும் வந்த பூஸ்டும் ஒட்டிப் போகின்றனவா, த்ராட்டில் நடுவில் மூடுகிறதா, ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, லேம்ப்டா (காற்று, பெட்ரோல் கலவை விகிதம்) எங்கே நிற்கிறது, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை என்ன.

இதில் நான் அதிகம் மதிப்பது டைமிங் பின்வாங்கலைத்தான். நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) வந்தால் ஈசியு தீப்பொறியைத் தாமதப்படுத்துவதுதான் அது. நம் ஊர் மே மாத வெயிலில் ஒன்றிரண்டு டிகிரி பின்வாங்குவது இயல்பு. ஒவ்வொரு இழுப்பிலும் ஐந்து, ஆறு என்று போனால் அந்த மேப் உங்கள் பெட்ரோலுக்குப் பொருந்தவில்லை. ஆக்டேன் என்பது பெட்ரோல் நாக்கிங்கை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. மேப் அதிக ஆக்டேனுக்கு எழுதப்பட்டிருந்தால் ஊருக்குப் போகிற வழியில் கிடைத்ததை நிரப்பிக்கொண்டு முழு பூஸ்டில் மிதிக்க முடியாது. எத்தனால் கலப்பும் கணக்கில் வர வேண்டும். அது நாக்கிங்கைக் குறைக்கும், ஆனால் அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் கேட்கும். தூய பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் இ20க்கு (20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்) சுமார் 13.5தான். ஃபுல் பூஸ்டில் அந்தக் கூடுதலைக் கொடுக்க ஃபியூயல் பம்புக்குத் தெம்பு இருக்கிறதா என்று ட்யூனரிடம் கேளுங்கள்.

அப்புறம், சமவெளியில் சரியாக இருந்த மேப் மலையில் வேறு மாதிரி நடக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து 2240 மீட்டர் உயரத்து ஊட்டிக்கு ஏறும்போது காற்று மெலிந்துகொண்டே போகும். இன்ஜினுக்குள் நுழையும் காற்றுக்கு அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். உயரத்துக்கு ஏற்ப இலக்கைக் குறைக்கும் பகுதியை ட்யூனர் கை வைக்காமல் விட்டிருக்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல ட்யூனர் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

வெல்டிங்கைப் பார்க்காமல் விடாதீர்கள். லேம்ப்டா சென்சாருக்கு முன்னால் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை மெலிந்திருப்பதாக சென்சார் சொல்லும். ஈசியு அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். எவ்வளவு மேப் எழுதினாலும் அது சரியாகாது.

கேட் கன்வெர்ட்டரை மொத்தமாக எடுத்துவிடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று காட்டும் பி0420 குறியீட்டை மென்பொருளில் மறைத்துவிடலாம், ஆனால் பின்னால் வருகிறவர் மூச்சில் போவதை மறைக்க முடியாது. மாசு, இரைச்சல் விதிகளை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாத உரிமத் தடையும் இருக்கின்றன. அடைப்புக் குறைவான ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர் வைத்தாலே தெருவில் ஓட்டும் வண்டிக்குத் தேவையான வித்தியாசம் கிடைத்துவிடும். அதற்கும் அனுமதி உண்டா என்று ஆர்டிஓவில் கேட்டுக்கொள்ளுங்கள். வாரண்டி பாக்கி இருந்தால் அது போய்விடும் என்று எண்ணியே இறங்குங்கள்.

என்னைக் கேட்டால், கம்பெனி எக்ஸாஸ்டோடு ஸ்டேஜ் 1 ரீமேப்பில் நிறுத்திக்கொள்வேன். இந்தச் சின்ன டர்போவில் உணரக்கூடிய மாற்றத்தில் பெரும்பகுதி அதிலேயே வந்துவிடுகிறது. டவுன்பைப்தான் வேண்டும் என்றால், எதையும் கழற்றுவதற்கு முன்பே இப்போதைய நிலையில் ஒரு லாக் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஏதாவது தகராறு வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் கையில் இருக்கும்.