ஆச்சி மனோரமா: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

சபா நாடகங்களில் சைடு விங்கில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலையை இருபது வருடம் பார்த்தவள் நான். அதனால் யார் நடித்தாலும் என் காதுதான் முதலில் அங்கே போகும். மனோரமாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அவர் குரலை வைத்தே சொல்கிறேன்.

அக்கா, ‘ஆச்சி’ என்ற பெயர் எப்படி வந்தது? அவர் செட்டிநாட்டுக்காரரா?

பிறந்தது மன்னார்குடியில், 1937 மே 26. இயற்பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்ட பிறகு அம்மா ராமாமிர்தம் குழந்தையோடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தார். அங்கேதான் வளர்ந்தார், பேச்சும் அந்த ஊர்ப் பேச்சாகவே அமைந்தது. வானொலி நாடகத்தில் செட்டிநாட்டுத் தமிழ் பேசி நடித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் ஆச்சி. முகமே தெரியாத ஒரு ஊடகத்தில், வெறும் பேச்சால் கிடைத்த பெயர் அது.

சினிமாவுக்கு முன்னால் நாடகத்தில் எவ்வளவு நாள் இருந்தார்?

பன்னிரண்டு வயதிலேயே மேடை ஏறிவிட்டார். ‘பள்ளத்தூர் பாப்பா’ என்றுதான் அந்தப் பக்கத்து ஜனங்களுக்குத் தெரியும். அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடகக் குழுவில் கலைஞர் எழுதிய ‘மணிமகுடம்’. அண்ணாவோடும் கலைஞரோடும் மேடையில் நடித்தவர், எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ஆர் மூவரோடும் திரையில். ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்று சொல்வார்களே, அந்தக் கணக்கு இதுதான்.

அந்தக் கால நாடகத்தில் பாடவும் வேண்டும், பேசவும் வேண்டும். தரையில் உட்கார்ந்திருக்கும் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும். தொண்டையால் கத்தினால் நாலாவது காட்சியில் குரல் போய்விடும். வயிற்றிலிருந்து மூச்சை எடுத்து, வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்காமல் முடிக்கப் பழக வேண்டும். ஆச்சியின் எந்தப் படத்தையும் போட்டுப் பாருங்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல் தெளிவாக வந்து விழும். என் அனுபவத்தில் நல்ல நடிகர்கள் பலர் தடுக்கி விழும் இடம் அது.

கதாநாயகியாக முடியாததால்தான் காமெடிக்குப் போனாரா?

இல்லை. 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் ‘கொஞ்சும் குமரி’யில் அவர்தான் நாயகி. அதற்கும் முன்னால், 1958இல், ‘மாலையிட்ட மங்கை’யில் அவரை நகைச்சுவை வேடத்தில் அறிமுகப்படுத்தியவர் கண்ணதாசன். நாயகி வேடம் சில வருடம்தான், நகைச்சுவை கடைசிவரை நிற்கும் என்று கவிஞர் அப்போது சொன்னதை ஆச்சியே பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

‘தில்லானா மோகனாம்பாள்’ ஜில் ஜில் ரமாமணியை ஏன் எல்லாரும் இப்படிக் கொண்டாடுகிறார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்! ரமாமணி ஒரு நாடகக் கம்பெனி நடிகை. ஆச்சி வாழ்ந்து பார்த்த வாழ்க்கை. அந்தக் காட்சியை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நாதஸ்வரம் என்று சொல்ல மாட்டார், ‘நாயனம்’ என்பார். எல்லா நாயனத்திலும் இப்படித்தான் சத்தம் வருமா என்று நாதஸ்வரக் கலைஞர் சண்முகசுந்தரமாக வரும் சிவாஜியிடம் கேட்பாரே, அதில் துளிகூடக் கிண்டல் கிடையாது. குரலை லேசாக இழுத்து, உண்மையான வியப்போடு கேட்கிறார். தான் கேட்பது சிரிப்புக்குரியது என்று ரமாமணிக்குத் தெரியவே தெரியாது. அது தெரிந்த மாதிரி ஒரு சின்னச் சுழிப்பு குரலில் வந்திருந்தால் காட்சி அங்கேயே செத்திருக்கும். எதிரே நிற்பது சிவாஜி. அவரைப் பார்க்க வேண்டிய நம் கண் ரமாமணியிடம் போகிறது. 1968இல் வந்த படம், இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை.

அவர் பாடியிருக்கிறாரா?

நன்றாகவே! அதே 1968இல் வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில், வி.குமார் இசையில், ‘வா வாத்யாரே’ அவர் குரல்தான். செட்டிநாட்டுப் பேச்சில் வளர்ந்தவர் சென்னைத் தமிழில் பாடியதைக் கேட்டால் அவர் வேற்றூர்க்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1994இல் ‘மே மாதம்’ படத்தில், ஏ.ஆர்.ரகுமான் இசையில், ‘மெட்ராஸை சுத்திப் பார்க்கப் போறேன்’ பாட்டிலும் அவர் குரல் வரும்.

விருதுகள்?

1985இல் ஆயிரம் படங்களுக்காகக் கின்னஸ். ‘புதிய பாதை’க்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது. 2002இல் பத்மஸ்ரீ. 2015 அக்டோபர் 10 அன்று காலமானார். அவர் செய்ததற்கு இதெல்லாம் போதாது என்பது என் எண்ணம்.

என் மகள் டப்பிங் பேசப் பழகுகிறாள். ஆச்சியிடமிருந்து எதைக் கற்றுக்கொள்ளலாம், அம்மா?

‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வேலைக்காரி கண்ணம்மாவாக வந்து சம்பந்தியை மடக்கும் காட்சியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் படத்தைப் பார்க்க வேண்டாம், ஒலியை மட்டும் கேட்கட்டும். எந்த இடத்தில் மூச்சு எடுக்கிறார் என்று பென்சிலால் வசனத்தில் கோடு போட்டுக்கொள்ளட்டும். அவ்வளவு வேகத்திலும் மூச்சு எடுக்கும் சத்தம் கேட்காது. அதனால் இரண்டு மூன்று முறை கேட்டால்தான் கோடு போட முடியும். அப்புறம் அதே கோடுகளில் நிறுத்தி அவள் பேசிப் பார்க்கட்டும். முதல் வாரம் பாதி வசனத்திலேயே மூச்சு முட்டும், பயப்பட வேண்டாம். எனக்கும் அப்படித்தான் முட்டியது. வேகத்தைக் குறைத்து, மூச்சு எடுக்கும் இடத்தை மட்டும் மாற்றாமல் பழகட்டும். வேகம் தானாக வரும்.